காணும் பொங்கலும் செத்த காலேஜும்

சென்னைப் பட்டணத்துச் சாமானிய ஜனங்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், அக்காலத்தில் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கிவந்ததை இன்று எழுபது வயதைக் கடந்திருக்கிற எவரும் மறந்திருக்கமாட்டார்கள். படித்தவர்கள் இதைப் பாமரர்களின் பரிகாசம் என்று எண்ணிச் சிரித்தார்கள். ஆனால் சற்று நிதானித்து ஆராய்ந்தால், அந்த இரண்டு பெயர்களுக்குள் மியூசியத்தின் ஆதி சரித்திரமே அடங்கியிருப்பது புலப்படும். 1851இல் அது பிறந்தது உண்மையாகவே ஒரு காலேஜில்தான். கும்பினி உத்தியோகஸ்தர்களுக்குத் தேச பாஷைகளைக் கற்பிப்பதற்காக ஏற்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில், இன்றும் கல்லூரிச் சாலை என்ற பெயரோடு விளங்கும் அந்த வீதியில், சென்னை இலக்கியச் சங்கத்தார் சேகரித்து வைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் கல் மாதிரிகளோடு அது ஆரம்பமாயிற்று. முதல் அதிகாரியாக வந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற வைத்தியர்.

பால்ஃபர் கெட்டிக்காரர். கல்லையும் மண்ணையும் மட்டும் அடுக்கிவைத்தால் ஜனங்கள் வரமாட்டார்கள் என்பதை அவர் சீக்கிரத்திலேயே கண்டுகொண்டார். புலி முதலிய சில உயிருள்ள மிருகங்களை மியூசியத்திலேயே கட்டிவைத்தார். கூட்டம் திரண்டு வந்தது. அந்த மிருகங்களின் கூட்டம் வளர்ந்து 1855இல் ஒரு மிருகக்காட்சிசாலையாகவே உருவாகி, இட நெருக்கடியால் 1863இல் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. இவ்வாறாக உயிர் ஒரு பக்கம் போயிற்று. உயிரற்றவை ஒரு பக்கம் நின்றன. இடைப்பட்ட காலத்தில், 1854இல், மியூசியமும் கல்லூரிச் சாலையை விட்டுப் பாந்தியனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. துரைமார்களும் துரைசானிகளும் நடனமாடவும் நாடகம் பார்க்கவும் விருந்துண்ணவும் ஏற்படுத்திக்கொண்ட அந்த உல்லாச மண்டபத்துக்குள், பல்லக்குத் தூக்கியாகவோ பரிசாரகனாகவோ அன்றி வேறு விதமாகக் காலடி வைத்திராத ஜனங்கள், பிற்காலத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் ஆயிரக்கணக்கில் தம் குழந்தை குட்டிகளோடு நுழைந்து, புல்தரையில் உட்கார்ந்து, கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்தார்கள் என்றால், அதைக் காட்டிலும் அழகான சரித்திரப் பழிவாங்கல் ஒன்றை நான் அறியேன்.

அந்த ஒரு நாள் காணும் பொங்கல்.

ஜனங்களுக்கான மியூசியத் தினம் என்பது மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த புதிய ஏற்பாடு என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சர்வதேச மியூசியங்களின் சபை மே மாதம் 18ஆம் தேதியை அதற்கென்று நிர்ணயித்தது 1977இல்தான். அதற்கு வெகுகாலத்துக்கு முன்பே, எந்தச் சபையும் தீர்மானம் நிறைவேற்றாமல், எந்த அதிகாரியும் அழைப்பிதழ் அச்சிடாமல், காண்பது என்ற வினையையே பெயராகக் கொண்ட ஒரு பண்டிகையின் பேரில் நம் ஜனங்கள் தாமாகவே அந்தத் தினத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். பெரியோரைக் காண்பது, உறவினரைக் காண்பது, ஆற்றைக் காண்பது, கடலைக் காண்பது என்ற வரிசையில் செத்த காலேஜைக் காண்பதும் ஒரு சடங்காகச் சேர்ந்துகொண்டது.

சிறுவனாக இருந்தபோது என் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நானும் போயிருக்கிறேன். அத்தைக்கு எழுத்து வாசனை கிடையாது. 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தலைமுதல் வால்வரை நடந்து பார்த்து, எண்ணிக்கை தவறாமல் தன் காலடியால் அளந்து, 'நம்ம வீட்டுத் தாழ்வாரத்தைவிடப் பெரிசு' என்று சொன்னாள். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கும் இன்றுவரை அந்த மிருகத்தின் நீளம் அந்தத் தாழ்வாரத்தின் நீளமாகத்தான் மனத்தில் நிற்கிறது. பிறகு செப்புத் திருமேனிகள் இருக்கும் மண்டபத்துக்குப் போனோம். வாசலிலேயே அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றவளைப் பார்த்து, கண்ணாடி போட்ட கனவான் ஒருவர், 'இது கோயில் இல்லையம்மா, மியூசியம்' என்று பரிவோடுதான் எடுத்துச் சொன்னார். அவள் கண்ணைத் திறக்காமலே, 'அது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியுமா?' என்றாள். கனவான் பதில் பேசவில்லை. நானும் இந்த அறுபது வருஷமாக அதற்குப் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது ஆங்காங்கே கலைத் தினம், பாரம்பரிய வாரம், மக்கள் தினம் என்ற பெயர்களில் மியூசியங்களில் நடக்கும் வைபவங்களை நான் குறைசொல்ல விரும்பவில்லை. ஒன்றுமில்லாததற்கு அவை மேல். ஆயினும் அவற்றின் போக்கு எங்கும் ஒரே வார்ப்பாக இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. காலையில் குத்துவிளக்கு, பிறகு பிரமுகர் ஒருவரின் சொற்பொழிவு, அதில் தொன்மை என்ற வார்த்தை பதினைந்து தடவை, பொன்னாடை, தேநீர், பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி. ஈராயிரம் வருஷத்துக்கு முன் அமராவதியில் செதுக்கிய சுண்ணாம்புக்கல் பலகைகளில் யானையும் குதிரையும் மதம்பிடித்தாற்போல் ஓடிக்கொண்டிருக்க, அவற்றிலிருந்து நாற்பது தப்படி தூரத்தில் ஜமக்காளத்தில் குந்தியிருக்கும் குழந்தை, இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன், பக்கத்தில் ஒரு தென்னைமரம் என்று தன் வகுப்பறையில் எதை வரையுமோ அதையே வரைந்து பரிசும் வாங்கிக்கொண்டு போகிறது. யாரும் அதன் தோளைத் தொட்டு, 'எழுந்து வா, அந்த யானையைப் பார்த்துவிட்டு வந்து வரை' என்று சொல்வதில்லை.

இந்த வைபவங்கள் அனைத்திலும் பேசுகிறவர் ஒரு பக்கமும் கேட்கிறவர் ஒரு பக்கமும் முன்கூட்டியே வகுக்கப்பட்டுவிடுகின்றனர் என்பதுதான் என்னுடைய ஆட்சேபம். மியூசியத்துக்குத் தெரியும், ஜனங்களுக்குத் தெரியாது என்ற அனுமானத்தின் மீது அந்தப் பந்தல் நிற்கிறது. அந்த அனுமானம் பாதிதான் உண்மை. ஒரு பிரதிமை எந்த ராஜாவின் காலத்தது, எந்தப் பூமியில் எப்போது கிடைத்தது என்பது அதிகாரிக்குத் தெரியும்; அது எப்படிச் செய்யப்பட்டது என்பது, பெரும்பாலும், அதிகாரியின் அறையில் நாற்காலி கிடைக்காத ஒருவருக்குத்தான் கைவரத் தெரியும்.

சுவாமிமலையிலிருந்து ஒரு ஸ்தபதியை வரவழைத்துத் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நிறுத்திப் பாருங்கள். அவர் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல. பீடத்தைப் பார்ப்பார், இடுப்பு ஒடியும் இடத்தைப் பார்ப்பார், ஒரு தென்னை ஓலையைக் கிழித்து, விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கி, அதைத் தாளக் கணக்குப்படி மடித்து மடித்து, எந்த மடிப்பில் மோவாய் முடிய வேண்டும், எந்த மடிப்பில் உந்தி வர வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிடுவார். அளவு நாடாவும் இல்லை, காகிதமும் இல்லை. ஓலை ஒன்றே சாஸ்திரம். தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சி உருவம் பிடிப்பது, அதன் மேல் காவேரி வண்டலை முதலில் சந்தனம்போல் மெல்லிசாகவும் பிறகு கனமாகவும் பூசுவது, கம்பி கட்டி நிழலில் உலர்த்துவது, விராட்டி நெருப்பில் சூடேற்றி உள்ளிருக்கும் மெழுகை உருக்கி வெளியேற்றுவது, மெழுகின் எடையைக் கொண்டு உலோகத்தின் எடையைக் கணக்கிட்டு, மெழுகு விட்டுப்போன வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஒரே மூச்சில் தடையின்றி ஊற்றுவது, ஆறிய பின் அச்சை உடைப்பது என்ற இந்தக் கிரமத்தை நூறு புத்தகத்தில் வாசிக்கலாம்; ஆனால் உடைத்த அச்சு உடைத்ததுதான், மறுபடி அதில் இன்னொரு உருவம் பிறக்காது என்பதன் பொருள், பிசுபிசுவென்று கட்டைவிரலில் மெழுகு ஒட்டிக்கொள்ளும்போதுதான் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும். எதிரே கண்ணாடிக்குள் நிற்கும் அர்த்தநாரீசுவரருக்கும் அப்படி ஓர் அச்சு இருந்தது, அது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உடைந்து மண்ணோடு போயிற்று என்று அப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரசங்கம் வேண்டியதில்லை.

மியூசியத்துக்குள்ளேயே ஜனங்கள் கண்ணில் படாத ஒரு கதவும் இருக்கிறது. 1930இல் ஏற்பட்ட ரசாயனப் பாதுகாப்புக்கூடத்தைச் சொல்கிறேன். செப்பிலும் வெண்கலத்திலும் உப்பும் ஈரமும் சேர்ந்து பச்சைப் பொடியாகப் பூத்து, கவனிக்காமல் விட்டால் விக்கிரகத்தையே அரித்துத் தின்றுவிடும் வியாதி ஒன்று உண்டு. மின்சாரப் பிரயோகத்தால் அதைக் குணப்படுத்தும் முறைகளை அங்கே கையாண்டவர் பரமசிவன் என்ற ரசாயன அறிஞர். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்கள் வெளிப்பட்டபோது அவற்றின் சாந்தையும் வர்ணத்தையும் சோதித்தவரும் அவரே. இத்தகைய ஒரு வைத்தியசாலை நம் பட்டணத்தில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வருஷத்தில் ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்து, வியாதி கண்ட ஒரு செப்புத் துண்டையும் குணமான ஒரு செப்புத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பூஜையறையில் பாட்டி காலத்து விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அன்று இரவு தூங்கப்போகுமுன் அந்த விளக்கை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள்.

ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளின் சமாசாரமும் இப்படித்தான். அலெக்ஸாண்டர் ரீ என்பவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டித் தாமிரபரணிக் கரையில் தோண்டி எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கல மூடிகளும் இரும்பு ஆயுதங்களும் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. பக்கத்துச் சீட்டில் காலமும் ஊரும் எழுதியிருக்கும். ஒரு மனிதன் குந்தி உட்காரத்தக்க அளவு பெரிய தாழியைச் சக்கரத்தில் வனைவது எப்படி, வனையாமல் அடுக்கடுக்காக வளர்த்தார்களா, வெடிக்காமல் எப்படிச் சுட்டார்கள் என்பவற்றை, அதே தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து அந்தப் பக்கத்து மண்ணைப் பிசையும் காருகுறிச்சிக் குயவர் ஒருவரை அழைத்துக் கேட்டால் என்ன? அவர் சொல்வது முழுவதும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தாழியின் விளிம்பை விரலால் வருடிப் பார்க்கும் அந்த மனிதரின் முதல் கேள்வி, ஆராய்ச்சியாளர் கேட்க நினைத்திராத கேள்வியாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

இதில் ஒரு பழைய கடனும் இருக்கிறது. 1885 முதல் 1908 வரை இந்த மியூசியத்தின் தலைமையில் இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு பாகங்களாக வெளிவந்த பெரிய நூலின் ஆசிரியர். அவருடைய உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த உழைப்பின் பெரும்பகுதி மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவிகொண்டு அளப்பதில் கழிந்தது. மனிதன் அளவுக்குரிய பண்டமாக நின்றான். அவன் என்ன சொல்கிறான் என்பது அடிக்குறிப்பாயிற்று. அளக்கப்பட்டவர்களின் பேரன் பேத்திகளை விருந்தினராக அழைத்து, அவர்கள் முன்னோர் புழங்கிய பொருள்களைக் காட்டி, 'இது என்ன, நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்பது உபகாரம் ஆகாது, பாக்கி தீர்ப்பது. நீலகிரித் தோடர்களின் புத்துக்குளி என்ற பூவேலைப் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் கறுப்புமான அந்தப் பூவேலையைத் தோடப் பெண்கள் மாதிரி எதையும் வரைந்து வைத்துக்கொள்ளாமல், இழையை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். துணியின் எந்தப் பக்கம் நமக்கு முதுகுப்புறமாகத் தோன்றுமோ, முரடாகப் புடைத்து நிற்கும் அந்தப் பக்கத்தையே அவர்கள் முகமாகக் கொள்கிறார்கள். எந்த மியூசியத்திலாவது அந்தப் போர்வை நமக்கு அழகாகப்பட்ட பக்கம் வெளியே தெரியும்படி தொங்கிக்கொண்டிருந்தால், அதைத் திருப்பி மாட்டும்படி சொல்ல ஒரு தோடப் பெண் வந்தாக வேண்டும்.

இது நடக்காத காரியம் என்று சொல்லுவோருக்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்துக்குத் தலைவராயிருந்த டில்லன் ரிப்ளே, கண்ணாடிப் பேழைகளில் ஊமையாகக் கிடந்த வாத்தியங்களை வெளியே எடுத்து ஒலிக்கச் செய்யவேண்டும் என்ற எண்ணம் கொண்டவர். அவர் காலத்தில், 1967இல், திறந்த மைதானத்தில் பாடகர்களையும் கைவினைஞர்களையும் உட்கார வைத்து ஆரம்பித்த விழா இன்றளவும் நடந்துவருகிறது. 1985இல் அதே மைதானத்தில் 'மேளா' என்ற பெயரிலேயே ஓர் இந்தியச் சந்தை கூடிற்று. நம் தேசத்துக் கலைஞர்கள் கடல் கடந்து போய் அங்கே வித்தை காட்டினார்கள். வாஷிங்டனுக்குப் போக முடிந்தவர்களுக்கு எழும்பூர் தூரமா?

செலவைப் பற்றிச் சொல்லவேண்டும். வருகிற ஸ்தபதிக்கும் குயவருக்கும் தோற்பாவைக்கூத்துக் குடும்பத்துக்கும் ரயில் சார்ஜும், தங்க இடமும், அன்றைய வேலையை விட்டுவந்ததற்குக் கௌரவமான கூலியும் கொடுத்தாக வேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது நம்மிடையே ஒரு கெட்ட வழக்கம். வாங்கிக்கொண்டவர் அதை என்ன செய்வார் என்று போர்த்தியவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. மற்றோர் ஆட்சேபம், கூட்டம் வந்தால் பொருள்களுக்குச் சேதம் வரும் என்பது. அது நியாயமான பயம். விலைமதிப்பற்ற விக்கிரகத்தை யாரும் வெளியே தூக்கிவரச் சொல்லவில்லை. கையால் தொடுவதற்கென்று நல்ல பிரதிகள் சிலவற்றை வார்த்து வைத்தால் குழந்தைகளுக்கும் ஆகும், கண் பார்வையற்றவர்களுக்கும் ஆகும். கூட்டம் உள்ளே நெருங்காமல் இருக்க வெளியே விசாலமான தரை இருக்கிறது, மரநிழல் இருக்கிறது, கூத்துக்கும் பாட்டுக்கும் மியூசியம் தியேட்டரே இருக்கிறது. குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் போதிய அளவில் இருந்துவிட்டால், மீதியை ஜனங்கள் கட்டுச்சோற்றோடு தாமே கொண்டுவந்துவிடுவார்கள்.

ஜில்லாக்களில் இது இன்னும் சுலபம். 1910இல் சமஸ்தானத்தார் ஏற்படுத்திய புதுக்கோட்டை மியூசியத்துக்கோ, 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கோ தெரிந்தவர்களைத் தேடி ரயிலேற வேண்டியதில்லை. கீழடியில் குழிக்குள் இறங்கி, பானை ஓடு சிதையாமல் மண்ணைச் சுரண்டி, கூடை கூடையாக வெளியே தூக்கிவந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்துப் பெண்கள். எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்த மத்தியானத்தில் எது தட்டுப்பட்டது என்பதை அவர்கள் வாயால் கேட்டுக்கொண்டே அந்த மண்டபங்களைச் சுற்றிவரும் ஒரு நாளை அந்த ஊருக்கு ஏற்படுத்திக் கொடுத்தால், பார்க்கப்போகிற முதல் ஆள் நானாக இருப்பேன்.

எழும்பூருக்கு என் விண்ணப்பம் சிறியது. காணும் பொங்கலன்று ஒவ்வொரு மண்டபத்திலும் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கோடு போட்ட நோட்டுப்புத்தகம் ஒன்று, தமிழில் பிழையில்லாமல் வேகமாக எழுதத் தெரிந்த ஒரு மாணவர் ஆகியவை இருக்கட்டும். வந்திருப்பவர்களில் யாருக்காவது எதிரே இருக்கும் பொருளைப் பற்றி ஏதாவது தெரிந்தால், அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, அது ஊரோடும் தேதியோடும் பதிவாகட்டும். அதிகாரிகள் பிறகு நிதானமாக வாசித்து, தேறியதைப் பொருளின் பக்கத்துச் சீட்டில் சேர்க்கட்டும். என் அத்தையைப் போன்ற ஒருத்தி வந்து திமிங்கிலத்தைத் தாழ்வாரத்தோடு ஒப்பிட்டால் அதையும் எழுதிக்கொள்ளட்டும். இன்னொன்று: மியூசியத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. தை மூன்றாம் நாள் ஏதாவது ஒரு வருஷம் வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்தால், தயவுசெய்து கதவைத் திறந்துவைத்துவிட்டு, விடுமுறையைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.